சர்டிபிகேட்டுக்கு எந்த ஊருக்கு போறது?
ஒலக்கூர் பட்டதாரிகள் அலைச்சல்

ஒலக்கூர் வட்டார மாணவ-மாணவிகளுக்கு பக்கத்தில் இருப்பது திண்டிவனம் அரசு கலைக்கல்லூரி. கல்லூரி நகரவில்லை. பட்டம் தரும் பல்கலைக்கழகம்தான் ஊர் ஊராக மாறிவிட்டது!

முதலில் சென்னை பல்கலைக்கழகம். 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியது. விழுப்புரம் மாவட்ட கல்லூரிகள் அதன் கீழ் போயின.

ஏழே மாதம்

2021 பிப்ரவரியில், விழுப்புரத்தில் டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம் அமைக்க சட்டசபையில் மசோதா நிறைவேறியது. "இனிமே வேலூர் அலைச்சல் இல்லை" என்ற நிம்மதி நிலைக்கவில்லை. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டு 31-ந்தேதி, அதை சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்துடன் இணைக்க மசோதா நிறைவேறியது. அ.தி.மு.க. எதிர்த்தும் பலன் இல்லை.

ஒரே வீட்டில் மூன்று முத்திரை

இதனால் ஒரே வீட்டில் அப்பா பட்டத்தில் சென்னை முத்திரை, அண்ணன் பட்டத்தில் வேலூர், தங்கை பட்டத்தில் சிதம்பரம்!

சர்டிபிகேட் தொலைந்தாலோ, பெயரில் எழுத்து பிழை என்றாலோ, பட்டம் தந்த பல்கலைக்கழகத்தில்தான் மனு போட வேண்டும். ஊர் மாறிப்போனால் பஸ் காசு போச்சு, ஒருநாள் சம்பளமும் போச்சு.

கிளம்பும் முன் முத்திரையை ஒருதடவை பார்த்துக்கொள்வது நல்லது.