சமகாலச் சிற்பத்தின் ஒளிப்படப் பதிவில் பார்வையாளர்: குமரிமுனையும் சோழமண்டலமும்

சிற்பம் குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் இணைக்கப்பெறும் ஒளிப்படங்கள் பெரும்பாலும் ஆளற்றவை. பார்வையாளர் விலகும்வரை காத்திருந்து எடுப்பதே முறையான பதிவு எனக் கருதப்படுகிறது. பழஞ்சிற்பங்களின் உருவ இலக்கணத்தை ஆராய்வதற்கு அது போதுமானதாகலாம். மக்கள் வந்து பார்ப்பதற்கென்றே அண்மைக்காலத்தில் நிறுவப்பெற்ற சிற்பங்களுக்கு அதே முறையைக் கையாளும்போது, ஆய்வுக்குரிய சான்று ஒன்று இழக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதல் இழப்பு அளவு பற்றியது. ஒளிப்படத்தில் சிறு பதுமையும் பேருருவமும் ஒரே அளவினவாகிவிடுகின்றன என்பதைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ 1947-இல் சுட்டினார். கடியப்பட்டணத்திலிருந்து குமரிமுனைக்குச் சென்றுவரும் குடும்பம் ஒன்று திருவள்ளுவர் சிலையடியில் எடுத்துக்கொள்ளும் படத்தை எண்ணிப் பார்க்கலாம். வை. கணபதி ஸ்தபதி வடித்து, 2000 சனவரி 1-இல் திறக்கப்பெற்ற இச்சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி, உருவம் 95 அடி. பாதத்தருகே நிற்பவரைப் போல் ஏறத்தாழ 17 மடங்கு உயரமுடையது உருவம். இவ்விகிதத்தை உரைக்கும் கருவி அக்குடும்பப் படத்தில் இருக்கிறது. ஆளற்ற படத்தில் இல்லை.

பார்வையாளர் நிற்கும் இடமும் சிற்ப வரலாற்றின் பகுதியே. கரையிலிருந்து எடுத்தால் சிலை முழுமையாகவும் மனிதர் புள்ளிகளாகவும் விழுவர். பாதத்திலிருந்து எடுத்தால் உருவம் மேல்நோக்கிக் குறுகிவிடும். கடல்மட்டம் தாழும் நாள்களில் படகு சிலைப்பாறையை அணைய இயலாதாகையால், விவேகானந்தர் பாறையிலிருந்தே பலர் அதனைக் கண்டு திரும்பினர். 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பெற்ற 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், சிலையை நடந்தணுகும் ஒரு புதிய பார்வைக்கோட்டை உருவாக்கியுள்ளது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் சிலை மாறவில்லை. கூட்டம் நிற்கும் இடம் மாறியிருக்கிறது.

அருங்காட்சியகத்தினுள் சிக்கல் வேறு வகையினது. சிற்பத்திற்கு முதன்மையான முகப்புநோக்கு ஒன்றுண்டு, ஒளிப்படக்காரர் பக்கவாட்டில் நின்று அதனைச் சிதைக்கின்றனர் என்று கலை வரலாற்றறிஞர் ஹைன்ரிஷ் வொல்ஃப்லின் 1896 முதல் எழுதிய கட்டுரைகளில் வாதிட்டார். மறுமலர்ச்சிக்காலச் சிற்பங்களை முன்னிறுத்திய அவ்வாதம் சென்னை இயக்கத்தின் உலோகச் சிற்பங்களுக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தோற்றுவித்த சோழமண்டலம் கலைக் கிராமத்தைச் சார்ந்த பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோர் தகட்டைத் தட்டியும் பற்றவைத்தும் முகப்பையே முதன்மையாக்கினர். திருமுன் நிற்பவரைப் போல எதிரே நின்று காணும் பார்வையாளரை அவ்வுருவங்கள் வேண்டி நிற்கின்றன. ஆகவே வொல்ஃப்லினின் விதிப்படி நேரெதிரே நின்று எடுத்த ஒரு படமும், அந்நேரெதிர் இடத்தில் பார்வையாளர் நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த மற்றொரு படமும் வேண்டும். முன்னது உருவத்தையும் பின்னது உறவையும் பதிவு செய்யும். இரண்டாவதை ஆய்வாளர் எடுப்பதேயில்லை எனலாம்.

பார்வையாளர் இயல்பாக வந்தவரா, நிறுத்தப்பட்டவரா என்பதைப் படக்குறிப்பில் எழுதுதல் இன்றியமையாதது. 1989-இல் அருங்காட்சியகப் படவரிசையைத் தொடங்கிய ஜெர்மானியக் கலைஞர் தாமஸ் ஸ்ட்ரூத், பெர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்தில் தாமே ஆள்களை வரவழைத்துப் படமெடுத்தார். கலைஞருக்கு அது உரிமை. ஆய்வாளர் அதனை மறைத்தால் சான்று பழுதுபடும்.

சட்டநிலை பலர் அஞ்சுவது போன்றதன்று. பொது இடத்திலோ பொதுமக்கள் செல்லக்கூடிய வளாகத்திலோ நிலையாக அமைந்த சிற்பத்தை ஒளிப்படமெடுத்தலும் அப்படத்தை வெளியிடுதலும் பதிப்புரிமை மீறலாகா என இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52(1)(டி) பிரிவு கூறுகிறது. தற்காலிகக் கண்காட்சிக்கு இது பொருந்தாது. காட்சியகத்தின் நுழைவு விதிகளும் தனி. அருகில் நிற்பவரின் முகத்திற்கும் அப்பிரிவு இசைவு அளிப்பதில்லை. இசைவு பெற இயலாதவிடத்து முதுகுப்புறமாக எடுக்கலாம். அவர் எத்திசை நோக்கி நின்றார் என்பது அப்போதும் படத்தில் பதிவாகிவிடும்.