எந்த வயலில் எவ்வளவு செலவு?

கூலி, விதை, உரச் செலவைக் கணினியில் அன்றன்று பதிந்தும், எந்த வயலில் நட்டம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மைக்ரோசாப்ட் அக்சஸில் இதைக் காணலாம். செலவு அட்டவணையைக் கொண்டு புதிய 'குவரி' ஒன்றை டிசைன் திரையில் திறந்து, வயல் பெயரையும் தொகையையும் மட்டும் சேர்க்கவும். சிக்மா குறியுள்ள 'டோட்டல்ஸ்' பொத்தானை அழுத்தவும். புதிதாகத் தோன்றும் வரிசையில் வயலுக்குக் 'குரூப் பை' இருக்கட்டும். தொகைக்குச் 'சம்' என மாற்றவும். வயலுக்கு ஒரு வரியாகக் கூட்டுத்தொகை வரும். தேதியையும் அப்படியே சேர்த்தால் நாளுக்கொரு வரியாகச் சிதறிவிடும். ஒரு பருவத்துக்கு மட்டும் வேண்டுமானால் தேதிக்கு 'வேர்' (செடியின் வேர் அல்ல!) என்று போட்டு, கீழே நாள் வரம்பைக் கொடுக்கவும்.

பலர் ஏமாறுவது பெயரில்தான். 'மேட்டுவயல்' என்று சேர்த்தும், 'மேட்டு வயல்' என்று இடைவெளி விட்டும் எழுதினால் கணினி இரண்டு வயல்களாகவே கூட்டும். செலவு பிரிந்து, நட்ட வயலும் லாப வயலாகத் தோன்றும். ஆகவே கூட்டுவதற்கு முன் பெயர்களைச் சரிபார்க்கவும்.