நெருப்புக் குதிரை ஆண்டு

ஜப்பானியர்களை வயதுவாரியாக அடுக்கிக் காட்டும் வரைபடத்தில், அறுபதை ஒட்டி எலி கடித்ததுபோல ஒரு பள்ளம் தெரியும். போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வீடு டிவியும் வாஷிங் மெஷினும் வந்துகொண்டிருந்த நேரம். 1965-ல் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1966-ல் 13.6 லட்சம்தான் பிறந்தன. 1967-ல் மறுபடி 19.4 லட்சம்.

காரணம் பஞ்சாங்கம். நமக்குப் பிரபவ, விபவ மாதிரி அவர்களுக்கும் 60 வருடச் சுழற்சி உண்டு. பன்னிரண்டு விலங்குகளும் ஐந்து பூதங்களும் மாறிமாறிச் சேரும். நெருப்பும் குதிரையும் சேர்கிற ஆண்டுக்கு ‘ஹினோஎ உமா’ என்று பெயர். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்கமாட்டாள், கணவனின் ஆயுளைக் குடிப்பாள் என்று ஒரு நம்பிக்கை. மூல நட்சத்திர ஜாதகம் என்றதுமே பெண் பார்க்கும் பேச்சை நிறுத்திவிடும் ஊர்க்காரர்கள் நாம்; இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பழியைச் சுமப்பவள் ஒஷிச்சி என்ற காய்கறிக்காரர் மகள். டோக்கியோவுக்கு அப்போது ‘எதோ’ என்று பெயர். தீ விபத்தில் வீடிழந்து கோயிலில் தங்கிய குடும்பம். அங்கிருந்த இளைஞன்மீது காதல். வீடு திரும்பியதும், மறுபடி ஒரு தீ பிடித்தால் அவனைப் பார்க்கலாமே என்று அவளே நெருப்பு வைத்தாள். 1683-ல் அவளை உயிரோடு எரித்தார்கள். அவள் 1666-ல், நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்று கதை கட்டிக்கொண்டது. நாடகக் கொட்டகைகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின.

1906-ல் வந்த குதிரை ஆண்டில் குழந்தையைத் தவிர்க்க வழி குறைவு. அதனால் பல வீடுகளில் பெண் குழந்தையின் பிறந்த தேதியை முன்னே பின்னே தள்ளிப் பதிந்தார்கள். 1966-ல் தேதியைத் திருத்தும் தேவையே பெருமளவு போய்விட்டது. 1948-லேயே கருக்கலைப்பு சட்டபூர்வமாகியிருந்தது. ஆணுறை கடையில் கிடைத்தது. (கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 1999-ல்தான்.) நாட்டையே ஒரு வருடம் நிறுத்திவைக்க அது போதுமாக இருந்தது.

ஆனால் அவர்கள் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். குழந்தை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெண் ஒருத்திக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்கிற கணக்கு அந்த வருடம் 1.58-க்கு இறங்கி, அடுத்த வருடமே 2-ஐத் தாண்டியது. 1989-க்கான அதே கணக்கு 1.57 என்று வந்தபோதுதான் அரசாங்கம் அரண்டது. குதிரை இல்லை, ஒஷிச்சி இல்லை, சாதாரண வருடம். ‘1.57 அதிர்ச்சி’ என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

அதன் பிறகு கூடுதல் குழந்தைகள் காப்பகம், கூடுதல் உதவித்தொகை, குழந்தை வளர்ப்பு விடுப்பு, 2023-ல் குழந்தைகளுக்கென்றே தனி அரசுத் துறை என எல்லாம் வந்தன. எண் மறுபடி 1.57-ஐக்கூடத் தொடவில்லை. இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி கல்யாணம் ஆனவர்களுக்கானது. ஆனால் பதினைந்து இருபது வருடம் குடும்பம் நடத்திய தம்பதிகளுக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. கல்யாணமே நடக்காததுதான் சிக்கல். 2020 கணக்குப்படி ஐம்பது வயதுக்குள் ஒருமுறைகூட மணமாகாத ஆண்கள் 28 சதவீதம், பெண்கள் 18 சதவீதம். மணமாகாமல் பிள்ளை பெறுவதும் அங்கே அபூர்வம், நூற்றுக்கு இரண்டு சொச்சம். 1971 முதல் 1974 வரை ஏராளமாகப் பிறந்தவர்கள் வேலை தேடிய தொண்ணூறுகளில் நிறுவனங்கள் கதவைச் சாத்தியிருந்தன. தற்காலிக வேலையில் ஓடிய வாலிபத்தில் பலருக்குப் பெண் பார்க்கும் கட்டமே வரவில்லை. டோக்கியோ மாநகர அரசு 2024-ல் வரன் பார்க்கும் ஆப் ஒன்றைத் தொடங்கியது. சிரிப்பு வரலாம், ஆனால் நோய் எங்கே என்று பார்த்துக் கைவைத்த ஏற்பாடு அதுதான் என்பேன்.

ஆனாலும் தாமதம்தான். தாயாகும் வயதில் இன்று இருப்பவர்களே குறைந்த எண்ணிக்கையில் பிறந்தவர்கள். 2024-ல் ஜப்பானியர்களுக்குப் பிறந்த குழந்தைகள் 6.86 லட்சம், இறந்தவர்கள் 16 லட்சம். ஓஜி என்ற நிறுவனம் உள்நாட்டில் குழந்தைகளுக்கான டயப்பர் தயாரிப்பை அதே வருடம் நிறுத்திவிட்டு, முதியோர் டயப்பருக்கு மாறியது.

2026 மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு. 1966-ல் பிறந்தவர்களுக்கு இது அறுபதாம் கல்யாண வயது. அங்கே ‘கன்ரெகி’ என்று சிவப்புச் சட்டை போட்டுக் கொண்டாடுவார்கள். அவர்களில் ஒருவர் இளவரசி கிகோ. அரச குடும்பத்தில் 41 ஆண்டுகளாக ஆண் குழந்தை இல்லாமல், பெண்ணைப் பட்டத்தில் அமர்த்தலாமா என்று சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழுந்திருந்த வேளையில், 2006 செப்டம்பரில் இளவரசர் ஹிசாஹிதோவைப் பெற்றவர். அந்தப் பையனின் தலைமுறையில் வேறு ஆண் வாரிசு இல்லை.