மஞ்சள் தெரியாத காமாலை

தமிழ் வழக்கில் காமாலை என்றால் கண்ணிலும் சிறுநீரிலும் மஞ்சள் தெரிய வேண்டும். தெரிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதும், மஞ்சள் வடிந்தபின் நோய் நீங்கியதாகக் கொள்வதும் நெடுநாளைய பழக்கம். கல்லீரல் செல்களுக்குள் தங்கிப் பெருகும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இக்கணக்கிற்கு உட்படுவதில்லை. பெரியவர்களுக்குத் தொற்றும்போது சிலருக்கு மஞ்சள் தோன்றினாலும், நூற்றில் 95 பேருக்கு மேல் தம் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே வைரஸை வென்றுவிடுகின்றனர். அந்த வெற்றியின் புகழ் பெரும்பாலும் மூலிகைக்கே போய்ச் சேர்கிறது. பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைக்கோ பொதுவாக எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை, ஆனால் அத்தகையோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் வைரஸ் நிலைத்துவிடுகிறது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அவர்களுள் சிலருக்கு அது கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது.

கீழாநெல்லியை ஆய்வுலகம் புறக்கணித்துவிடவில்லை. சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, அம்மூலிகையை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்புரதம் மறைந்ததாக 1988இல் லான்செட் இதழில் அறிவித்தது. இந்த வைரஸின் மேற்புரதத்தைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். பிற்காலச் சோதனைகள் அப்பயனை உறுதிப்படுத்தவில்லை.

ஆளைப் பார்த்து அறிய முடியாத இத்தொற்றின் சுமை மருத்துவமனைப் பணியாளர் மீது கூடுதலாக விழுகிறது. தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு, எச்.ஐ.விக்கு அது 0.3 விழுக்காடே. உலர்ந்த இரத்தக் கறையிலும் வைரஸ் குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருப்பதால், ஊசிக்கு மீண்டும் மூடி போட முயலும் செவிலியருக்கு உள்ள ஆபத்து, குப்பைப் பையைக் கட்டித் தூக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் உண்டு.

தடுப்பூசியில் வைரஸே இல்லை. ஈஸ்ட் செல்களில் உருவாக்கப்பட்ட மேற்புரதம் மட்டுமே அதில் உள்ளது என்பதால் அது நோயைத் தராது. இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2011இல்தான் நாடு முழுவதற்கும் விரிந்தது என்பதால், இன்று பணியிலுள்ள பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்களே. குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தவணை தேவை. பெரியவர்களுக்கு இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என மூன்று தவணைகள், இவற்றுள் எளிதில் மறக்கப்படுவது கடைசித் தவணைதான்.

நோயைப் போலவே பாதுகாப்பும் வெளியே தெரிவதில்லை. ஆகவே மருத்துவப் பணியாளர்கள் மூன்றாம் தவணைக்கு ஓரிரு மாதத்திற்குப் பின் எதிர்ப்புப் புரத அளவைச் சோதிப்பது அவசியம்; அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகை எட்டாதவர்களுக்கு இன்னொரு சுற்றுத் தடுப்பூசி போடப்படுகிறது. அதிலும் எட்டாத சிலருக்கு, தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்திய பின், இயன்றவரை 24 மணி நேரத்திற்குள் செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின் எனும் ஆயத்த எதிர்ப்புப் புரதமே காப்பாகிறது.