சர்க்கரைக்கு ஒரு மாற்றுச் சாவி



திண்டுக்கல் வட்டாரத்தில் பூட்டுக்குத் தனிப்பெருமை உண்டு. 2019-ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. தாடிக்கொம்பை அடுத்த அகரத்துக்காரனாகிய எனக்கு, இன்றைய பொருளை விளக்கப் பூட்டும் சாவியுமே கைகொடுக்கின்றன. ஆனால் உவமை என்னுடையது அன்று. 1894-இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் எமில் ஃபிஷர், நொதிகள் சில சர்க்கரைப் பொருள்களை மட்டும் சிதைத்து மற்றவற்றைத் தொடாது விடுவதைக் கண்டார். நொதியும் அது பற்றும் பொருளும் பூட்டும் சாவியும்போலப் பொருந்தவேண்டும் என்று எழுதினார். ஆக, அவ்வுவமை பிறந்ததே சர்க்கரை ஆராய்ச்சியில்தான்.

சர்க்கரை என்றதும் காப்பியில் இடுவதையே எண்ணுகிறோம். நம் உயிரணுக்களின் மேற்பரப்பிலும், மேனியில் முளைத்த மயிர்போலச் சர்க்கரைச் சங்கிலிகள் நிற்கின்றன. இரத்தத்தில் ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு, சங்கிலி நுனியில் உள்ள ஒரேயொரு சர்க்கரையின் வேறுபாடே. நோய்க்கிருமிகள் பலவும் சர்க்கரைப் போர்வை போர்த்தியே உடலுக்குள் புகுகின்றன. அப்போர்வையை அடையாளம் காண உடலுக்குக் கற்பித்துவிட்டால் நோயைத் தடுக்கலாம்.

இங்கேதான் ஓர் இடர். வெறும் சர்க்கரையைக் கண்டு உடல் எழுப்பும் எதிர்ப்பு பெரும்பாலும் வலிவற்றது. நெடுநாள் நினைவில் நிற்பதும் இல்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடலோ அதனைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொடுமையாகத் தாக்குவது அக்குழந்தைகளைத்தான். புரதத்தைக் கண்டால் உடல் அவ்வாறு அசட்டையாக இராது. ஆகவே கிருமியின் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துத் தடுப்பூசி செய்தார்கள். 2011 டிசம்பரில், இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியின் ஒரு கூறு இத்தகையதே.

மற்றொரு வழியையும் அறிஞர் தேடுகின்றனர். சர்க்கரையையே விட்டுவிட்டு, அதனைப்போல நடந்துகொள்ளும் புரதத் துண்டைப் பயன்படுத்துவது அது. சில அமினோ அமிலங்களை மணிமாலைபோலக் கோத்த துண்டுக்குப் பெப்டைடு என்று பெயர். கிளைத்துப் பிரியும் சர்க்கரைச் சங்கிலியை ஆய்வுக்கூடத்தில் கட்டுவது பெரும்பாடு. பெப்டைடையோ, 1963-இல் மெரிஃபீல்டு வெளியிட்ட முறையால் மணிமணியாகக் கோத்துவிடலாம்.

அவ்வாறு நடிக்கும் பெப்டைடு உண்டா? நம் வாளவரைக்கு நெருங்கிய இனமான ஓர் அவரையின் விதையில் கான்கனாவாலின்-ஏ என்னும் புரதம் இருக்கிறது. அது மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். அதனையே பூட்டாக வைத்து, வைரஸ்களின்மேல் தாங்கிய எண்ணற்ற பெப்டைடுகளை அதனோடு கலந்து, ஒட்டிக்கொண்டவற்றை மட்டும் 1992-இல் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரையே இல்லாத மாற்றுச் சாவிகள் கிடைத்துவிட்டன.

அச்சாவி பூட்டில் எவ்வாறு பொருந்துகிறது? புதுடெல்லியில் உள்ள தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் தினகர் சாலுங்கேயும் உடன் உழைத்தோரும், பன்னிரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட அத்தகைய பெப்டைடு ஒன்றை எடுத்துக்கொண்டனர். அப்புரதத்தோடு சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முடிவு வியப்பானது. பெப்டைடு, மேனோஸ் அமரும் துளையில் அமரவே இல்லை, வேறிடத்தில் ஒட்டியிருந்தது! ஆயினும் பயன் பொய்க்கவில்லை. கான்கனாவாலின் வெள்ளணுக்களைப் பெருகத் தூண்டும் இயல்புடையது. பெப்டைடின் அளவு கூடக் கூட அத்தூண்டல் தணிந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? செயலில் ஒத்திருப்பது வேறு, வடிவில் ஒத்திருப்பது வேறு. மருந்து செய்வோர்க்கு இது முக்கியமான எச்சரிக்கை. பெப்டைடைக் கண்டு உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், கிருமியின் உண்மையான சர்க்கரையை அடையாளம் காணாமலே போகலாம். அப்போது ஊசி வீண். அன்றி, அந்தச் சர்க்கரை நம் நலமான உயிரணுக்களிலும் இருக்குமாயின், உடல் தன்னையே தாக்கிக்கொள்ளவும் கூடும். புற்றுநோய் அணுக்களின் சர்க்கரையைப் போன்ற பெப்டைடு ஒன்றை, அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழக அறிஞர் மார்பகப் புற்றுநோயாளரிடம் முதற்கட்டமாகச் சோதித்துள்ளனர். முதற்கட்டத்தில் பாதுகாப்பையே முதன்மையாகப் பார்ப்பதன் காரணமும் இதுவே.

இத்துறையில் அவரை விதையை அறிந்த தாவரவியலாருக்கும், மணி கோக்கும் வேதியியலாருக்கும், கதிர்பாய்ச்சும் பௌதிக அறிஞருக்கும் இடமுண்டு. உங்களில் எவர் எந்தப் பாடத்தைக் கற்றாலும், ஒன்றை மறவாதிருங்கள்: பூட்டுத் திறந்தது என்று மகிழ்வதோடு நின்றுவிடாமல், எப்படித் திறந்தது என்றும் கேளுங்கள். குழந்தையின் உடலில் செலுத்தப்போகும் மருந்து, அந்தக் கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.