உத்தியோகஸ்தர் கல்வி – 9: ஒரு பட்டத்தின் அசல் விலை

பொன்மலை ரயில்வே பட்டறையிலும், திருவெறும்பூரை அடுத்த பெல் ஆலையிலும், துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலைக்குச் சேர்ந்து, கையில் ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமாவோ மட்டும் இருந்த காரணத்தால் ஒரு படிக்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிட்ட மனிதர்கள், பகலெல்லாம் இரும்போடு போராடிவிட்டு இரவில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்த ஒரு காலம் திருச்சிராப்பள்ளிக்கு உண்டு. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இஞ்சினியர்ஸ் நடத்திய ஏ.எம்.ஐ.இ. பரீட்சையைப் பகுதி பகுதியாகத் தேறி, கல்லூரி வாசலை மிதிக்காமலே இஞ்சினியர் உத்தியோகத்துக்குத் தகுதி பெற்றவர்கள் அவர்களில் பலர். சம்பளத்தை இழக்காமல் படிப்பது என்ற எண்ணம் அப்படி இந்த ஊருக்குப் பழகிப்போன ஒன்று.

கலை, வணிகப் பாடங்களை நாடியவர்களுக்கு அதே காலத்தில் அஞ்சல் வழிக் கல்வி வந்தது. 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அந்த முறையை மதுரையும், பின்னர் அண்ணாமலையும், சென்னையும் கைக்கொண்டன. 1982-இல் திருச்சியிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, காலப்போக்கில் அதுவும் தொலைநிலைக் கல்வியை மேற்கொண்டபோது, சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளின் குமாஸ்தாக்களும், பள்ளிக்கூடத்து உதவியாசிரியர்களும் 'கரஸில் படிக்கிறேன்' என்று கூச்சமின்றிச் சொல்லத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்தத் தபால் உறையின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. 'வீட்டிலிருந்தே பட்டம், மாதத் தவணை வசதி உண்டு' என்ற விளம்பரம் இரவும் பகலும் அதில் வந்து விழுகிறது. இந்தப் பட்டம் கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிகளில் ஒன்றில் குடியிருந்து, தில்லைநகரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் பெண் ஒருத்தியை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 18,000 ரூபாய், பிளஸ் டூ வரை படித்தவள், வயது முப்பது. காலையில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து, இன்னொரு பஸ் மாறிப் போகிறாள். சாயங்காலம் அதே வழியில் திரும்பிச் சமையற்கட்டில் நுழைகிறாள். பாத்திரம் துலக்கி, மறுநாள் தோசைக்கு அரைத்து வைத்துவிட்டு, எல்லாரும் படுத்த பிறகு கைபேசியைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்துவைத்துப் பாடத்தைக் கேட்கத் தொடங்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். மூன்று வருஷத்துக்குமாகக் கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 850 ரூபாய்க்குக் கீழே. அது அவளுக்குக் கஷ்டமே ஆனாலும், அசாத்தியமானதல்ல.

ஆனால், கட்டணம் இந்தச் செலவில் மிகச் சிறிய பகுதி என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. 1985-இல் ஏற்பட்டு, இக்னோ என்றே எல்லாரும் அறிந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஒரு கிரெடிட் என்பது மாணவர் முப்பது மணி நேரம் படிப்பதற்குச் சமம் என்று வகுத்திருக்கிறது. அதன் மூன்று வருஷ பி.ஏ. பட்டத்துக்கு 132 கிரெடிட் என்றிருந்த பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆகவே 3,960 மணி நேரம். மூன்றே வருஷத்தில் முடிக்க வேண்டுமானால், பண்டிகை, காய்ச்சல், கல்யாணம், உறவினர் வருகை என்று ஒரு நாளும் விடாமல், நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் படித்தாக வேண்டும். நம் கணக்குக்காரப் பெண்மணிக்கு அந்த மூன்றரை மணி எங்கிருந்து கிடைக்கும்? தூக்கத்திலிருந்துதான் கிடைக்கும். மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்ற கணக்கில் அவளுடைய ஒரு மணி உழைப்புக்குக் கம்பெனி சுமார் 86 ரூபாய் கொடுக்கிறது. அதே விலையை அவளுடைய தூக்கத்துக்கும் கொடுத்துப் பார்த்தால், பட்டத்துக்காக அவள் செலவிடும் நேரம் சுமார் 3,40,000 ரூபாய் பெறும். முப்பதாயிரம் ரூபாய்ப் படிப்பு என்று நாம் எண்ணியது உண்மையில் மூன்று லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்ப் படிப்பு.

வேலையை விட்டுவிட்டுப் பகல் கல்லூரியில் சேர்வதைக் காட்டிலும் இது குறைவுதான் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சீதாலக்ஷ்மி ராமசுவாமி கல்லூரியும் ஹோலி கிராஸும் நேஷனலும் நிறைந்த இந்த ஊரில் நல்ல ஆசிரியருக்குக் குறைவில்லை. ஆயினும் மூன்று வருஷச் சம்பளமாகிய 6,48,000 ரூபாயைக் கைவிட்டு அவள் அங்கே போய் உட்கார முடியாது. குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உள்ளவர்களுக்கு இணையவழிப் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் அளித்திருக்கும் உபகாரம் பெரியது. அதைக் குறைத்துப் பேசுபவர்கள் மாதச் சம்பளத்தை நம்பிப் பிழைத்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இனி வரவைப் பார்ப்போம். பட்டம் வந்தபின் சம்பளம் மாதம் 2,500 ரூபாய் கூடினால், வருஷத்துக்கு 30,000. கட்டணம் ஒரே வருஷத்தில் திரும்பிவிடுகிறது, நேரத்தையும் சேர்த்த முழு முதல் திரும்பப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. முப்பது வயதுப் பெண்ணுக்கு இது லாபம். ஐம்பது வயதைத் தொட்டவருக்கு, ஞானத்துக்காகவோ நெடுநாள் ஆசைக்காகவோ படித்தாலன்றி, பண நோக்கில் நஷ்டமே. சம்பளம் கூடவே கூடாத இடங்களும் உண்டு. உயர்கல்வித் தகுதி பெற்ற அரசு ஊழியருக்கு அளிக்கப்பட்டு வந்த முன் ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்திய பிறகு, ஓர் எம்.ஏ. சேர்த்துக்கொண்டால் மாதந்தோறும் ஏதேனும் வரும் என்று நம்பிப் படிக்கத் தொடங்கியிருந்தவர்களின் கணக்கு ஒரே நாளில் தலைகீழாயிற்று. ஆகையால், பணம் கட்டுமுன் ஒருவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இந்தக் காகிதத்தை நாளைக்கு என்னிடம் கேட்கப்போவது யார் என்பதுதான். பதவி உயர்வுப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகமா, பட்டதாரி என்ற தகுதி கோரும் போட்டித் தேர்வா, வேறு கம்பெனியா? யாரும் கேட்கப்போவதில்லை என்றால், ஸ்வயம் தளத்திலும் என்.பி.டி.இ.எல்.-லிலும் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் சிறு பரீட்சைக் கட்டணம். அறிவுக்கு அது தாராளமாகப் போதும்.

கேட்கிறவர்களுக்குச் செல்லுமா என்பது இரண்டாவது கேள்வி. இதில் அஜாக்கிரதையாக இருந்தவர்கள் பட்ட துயரம் சாமான்யமானதல்ல. 2001-க்கும் 2005-க்கும் இடையில் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் தொலைநிலையில் இஞ்சினியரிங் படித்தவர்களின் பட்டங்களை 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் நிறுத்திவைத்து, மறுபடியும் ஒரு பரீட்சையில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு பெற்று, பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட வயதில் உள்ளவர்கள் மீண்டும் ஹால் டிக்கெட் வாங்க நேர்ந்தது. ஏ.எம்.ஐ.இ.-யும் 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இஞ்சினியரிங் பட்டத்துக்கு நிகர் என்றாயிற்று. துவாக்குடியின் பேப்ரிகேஷன் கூடங்களில் வேலை பார்க்கும் டிப்ளமாக்காரர், 'ஆன்லைன் பி.இ.' என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. அவருக்கு உரிய வழி, வேலை பார்ப்போருக்காக ஏ.ஐ.சி.டி.இ. 2023 முதல் அனுமதித்துள்ள மாலை நேரப் படிப்பே.

மற்றப் பாடங்களில் நிலைமை தெளிவாகியிருக்கிறது. 2020-ஆம் வருஷத்து யு.ஜி.சி. விதிகளின்படி அங்கீகாரம் பெற்று நடத்தப்படும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் பகல் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று அந்த ஆணைக்குழு 2022 செப்டம்பரில் பகிரங்கமாக அறிவித்தது. அதே வருஷத் தொடக்கத்தில், தனியார் கம்பெனிகள் ஏஜென்சி எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் பேரால் படிப்பு நடத்த அனுமதி இல்லை என்றும் எச்சரித்தது. எனவே, பேசி அழைக்கும் இளைஞரின் இனிய குரலை நம்பாமல், குறிப்பிட்ட பல்கலைக்கழகத்துக்குக் குறிப்பிட்ட பாடத்துக்குக் குறிப்பிட்ட வருஷத்தில் அனுமதி உண்டா என்று யு.ஜி.சி.-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் கண்ணால் பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும். அரசு ஊழியர் இதற்கு மேலும், சேருமுன் துறையின் அனுமதியைப் பெற்றுக்கொள்வது அவசியம். முடித்தபின் உண்மைத்தன்மைச் சான்றுக்கு அலையும்போது அதன் அருமை விளங்கும். பத்தாவதும் பிளஸ் டூவும் தேறாமல் நேரே திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு நியமனத்துக்கு உதவாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுத்து வாங்குவது பாதியில் நின்றுபோன படிப்பையே. இரண்டு வருஷக் கட்டணமும், இரண்டு வருஷத் தூக்கமும், கடைசியில் சில அரியர்களும். கையில் ஒன்றும் இராது. ஆகவே வேகமாக முடிக்கலாம் என்று ஆசை காட்டும் நிறுவனத்தைவிட, மெதுவாக முடிக்க இடம் கொடுக்கும் நிறுவனமே உத்தியோகஸ்தருக்கு மலிவானது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இக்னோ தன் மூன்று வருஷப் பட்டத்துக்கு ஆறு வருஷம் வரை அவகாசம் தருகிறது. அப்படிப் பரப்பினால் நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டமும் இவ்விஷயத்தில் விவேகமாக அமைந்திருக்கிறது: எடுத்துக்கொள்ளும் பாடத்துக்கு மட்டும் கட்டணம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை, அடிப்படைக் கட்டத்திலோ டிப்ளமா கட்டத்திலோ நிறுத்திக்கொண்டாலும் அதற்குரிய சான்று. பாடம் வீட்டில், பரீட்சை மட்டும் நேரில், கண்காணிப்பில். இந்தப் பரீட்சையின் கண்டிப்பே அதற்கு மதிப்பைத் தருகிறது.

இவ்வளவு கணக்கும் தொழிலாளியின் தலையில் மட்டும் ஏற்றப்படுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. நம் கணக்குக்காரப் பெண்மணி கற்ற ஜி.எஸ்.டி.-யும் டாலியும் மறுநாளே கம்பெனியின் கணக்கில் பயன்படுகின்றன. கம்பெனியோ பரீட்சைக்கு லீவு கேட்டால் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் முதலாளிகள் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். வருஷத்தில் ஆறு பரீட்சை நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு அளிக்கட்டும். அந்த ஸ்ரீரங்கத்துப் பெண்மணி விஷயத்தில் அதற்கு ஆகும் செலவு வருஷத்துக்குச் சுமார் 4,150 ரூபாய்.