உலோக மிளிர்வு வண்ணப்பூச்சு

உலோக மிளிர்வு வண்ணப்பூச்சு அல்லது மெட்டாலிக் பெயின்ட் என்பது, நுண்ணிய உலோகச் சில்லுகளை நிறமியாகக் கொண்டு உலோகம் போன்ற மினுக்கத்தைத் தரும் வண்ணப்பூச்சு வகை ஆகும். வாகனங்களின் மேற்பூச்சாகப் பரவலாக அறியப்படும் இது, சன்னல் கம்பிகள், இரும்புப் பாலங்கள், அறைகலன்கள் முதலியவற்றுக்கும் பூசப்படுகின்றது. பழைய சமையலறை அலமாரிகளை மாற்றாமல், குறைந்த செலவில் புதுப்பிக்கவும் இது பயன்படுகின்றது.

கூறுகளும் செயற்பாடும்

எல்லா வண்ணப்பூச்சுகளையும் போல இதிலும் நிறமி, பிணைப்பி, கரைப்பான் ஆகிய மூன்றும் முதன்மைக் கூறுகள் ஆகும். சாதாரண நிறமித் துகள்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. உலோக மிளிர்வு வண்ணப்பூச்சில் உள்ள சில்லுகளோ தட்டையானவை. சிறு கண்ணாடிகளைப் போல ஒளியை ஒரே திசையில் தெறிக்கின்றன. இதனாலேயே பார்க்கும் கோணம் மாறும்போது பரப்பின் பொலிவும் மாறுகின்றது.

கரைப்பான் ஆவியாகும்போது பூச்சுப்படலம் சுருங்குகின்றது. அப்போது சில்லுகள் பரப்புக்கு இணையாகப் படிகின்றன. படிவு சீராக இருந்தால் மினுக்கமும் சீராக இருக்கும். தூரிகையால் திரும்பத் திரும்ப இழுத்தால் சில்லுகள் வெவ்வேறு திசைகளில் சாய்ந்து, கோடுகளும் திட்டுகளும் தோன்றும். தெளிப்பான் கொண்டு பூசுவது விரும்பப்படுவதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலும் பயன்படும் உலோகம் அலுமினியம் ஆகும். உலர்ந்த அலுமினியத் தூள் காற்றில் பரவினால் வெடிக்கக்கூடியது என்பதால், அது கரைப்பானுடன் சேர்த்து அரைக்கப்பட்டுப் பசை வடிவில் கையாளப்படுகின்றது. நீருடன் அலுமினியம் வினைபுரிந்து ஐதரசன் வளிமத்தை வெளியிடும். ஆகவே நீர்சார் வண்ணப்பூச்சுகளில் பாதுகாப்புப் படலம் இடப்பட்ட சில்லுகளே சேர்க்கப்படுகின்றன.

வகைகள்

* மேல்மிதக்கும் வகை: சில்லுகள் ஸ்டியரிக் அமிலத்தால் பூசப்பட்டிருக்கும். இவை படலத்தின் மேற்பரப்பில் மிதந்து வெள்ளி போன்ற தோற்றத்தைத் தரும். பேச்சுவழக்கில் "சில்வர் பெயின்ட்" எனப்படுவது பெரும்பாலும் இதுவே. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2339, பசையும் ஊடகமும் தனித்தனிக் கலங்களில் உள்ள அலுமினியப் பூச்சைப் பற்றியது. இவ்வகையில் சில்லுகள் மேலே இருப்பதால் கை பட்டால் ஒட்டிக்கொள்ளும்.
* மிதவா வகை: சில்லுகள் படலம் முழுவதும் பரவியிருக்கும். இதன்மேல் ஒளிபுகும் மேற்பூச்சு இடலாம். வாகனங்களுக்கும் அலமாரிகளுக்கும் ஏற்றது இவ்வகையே.
* முத்துமிளிர்வு வகை: இதில் உலோகத்துக்குப் பதிலாக, டைட்டானியம் டை ஆக்சைடு பூசப்பட்ட மைக்காச் சில்லுகள் பயன்படுகின்றன.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இத்தொழில்வழி, இந்தியாவின் முக்கிய வாகன உற்பத்தி மையங்களுள் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010-இலும் உற்பத்தியைத் தொடங்கின. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-இல் இயங்கத் தொடங்கியது. ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலை 2005-இல் செயற்படத் தொடங்கியது.

வாகன உடல் பொதுவாக நான்கு படிகளில் பூச்சுப் பெறுகின்றது. முதலில் கழுவப்பட்டுப் பாசுபேற்றுப் படலம் இடப்படுகின்றது. அடுத்து மின்படிவு முறையில் துருத்தடுப்புப் பூச்சும், அதன்மேல் இடைப்பூச்சும் அமைகின்றன. இறுதியாக மிளிர்வுச் சில்லுகள் கொண்ட நிறப்பூச்சும், அதைக் காக்கும் ஒளிபுகும் மேற்பூச்சும் இடப்பட்டு, ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் சூளையில் சுடப்படுகின்றன.

வாகனப் பூச்சு உறுதியானது என்பதால் அதையே அலமாரிக்கும் பூசலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் அவ்வுறுதி, அடுக்குகள், சூளை வெப்பம் ஆகியவற்றால் கிடைப்பது. ஒட்டுப்பலகை அவ்வெப்பத்தைத் தாங்காது. மேற்பூச்சு இல்லாத நிறப்பூச்சு மட்டும் எளிதில் கீறல் விழும். எனவே அலமாரிக்குப் பின்பற்றத்தக்கது தொழிற்சாலையின் பொருளன்று. "தூய்மை, அடிப்பூச்சு, நிறம், காப்பு" என்னும் வரிசையே ஆகும்.

சமையலறை அலமாரிகளில் பயன்பாடு

மரம், ஒட்டுப்பலகை, எஃகு ஆகியவற்றாலான அலமாரிகளுக்கு இப்பூச்சு பொருந்தும். மைக்கா எனப் பேச்சுவழக்கில் வழங்கும் லேமினேட் ஒட்டிய கதவுகள் வழவழப்பானவை. அவற்றைச் சொரசொரப்பாக்கி, வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் அடிப்பூச்சை இடவேண்டும். நீரால் உப்பிய பலகையையும் கரையான் அரித்த பலகையையும் பூச்சு சரிசெய்யாது. அவற்றை முதலில் மாற்றுவதே சிக்கனம்.

செய்முறை

# கதவுகள், கீல்கள், கைப்பிடிகள் ஆகியவற்றைக் கழற்றி, கதவுகளுக்கு எண் இடுதல்.
# தாளிப்புப் புகையால் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புநீரால் நீக்கி உலர்த்துதல். பூச்சு உரிவதற்கு மிகப் பொதுவான காரணம் இப்படியைத் தவிர்ப்பதே.
# 180 முதல் 220 எண் கொண்ட உப்புத்தாளால் தேய்த்தல். குழிகளைப் பட்டி வைத்து நிரப்புதல்.
# பரப்புக்கு ஏற்ற அடிப்பூச்சை இட்டு, உலர்ந்தபின் 320 எண் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்தல். மினுக்கம் சிறு மேடுபள்ளத்தையும் எடுத்துக்காட்டும் என்பதால் இது இன்றியமையாதது.
# மிளிர்வுப் பூச்சை அடிக்கடி கலக்கி, மெல்லிய இரண்டு அடுக்குகளாக ஒரே திசையில் பூசுதல்.
# மஞ்சளாகாத ஒளிபுகும் மேற்பூச்சு இடுதல்.

தேவையான அளவு

0.4 மீட்டர் அகலமும் 0.6 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவின் பரப்பு 0.24 சதுர மீட்டர். எட்டுக் கதவுகளுக்கு இருபுறமும் 3.84 சதுர மீட்டர். இரண்டு அடுக்குகளுக்கு 7.68 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பூச்சு ஓர் அடுக்காகப் பத்துச் சதுர மீட்டரை மூடும் எனக் கொண்டால், ஏறத்தாழ முக்கால் லிட்டர் போதும். கணக்கிடும்போது கலத்தில் குறிப்பிட்டுள்ள பரப்பளவைக் கொள்ளவேண்டும். கதவின் வெளிப்புறத்துக்கு மட்டும் பூசினால் தேவை பாதியாகும்.

பாதுகாப்பு

பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தை பத்து இலட்சத்தில் 90 பங்காக வரையறுக்கும் விதிகள் 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட அலமாரியை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே நீர் தொட்டுத் தேய்ப்பதும், கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும், பணி முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் விலக்கி வைப்பதும் வேண்டும்.

தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். எனவே கதவுகளைச் சமையலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பூசுவது நன்று. உள்ளே பூச நேர்ந்தால் எரிவளி உருளையை மூடுதல், அடுப்பையும் விளக்கையும் ஏற்றாதிருத்தல் இன்றியமையாதன. இரு கூறுகள் கொண்ட பாலியூரித்தேன் மேற்பூச்சுகளின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டு, மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடியது. துணியாலான முகக்கவசம் இதைத் தடுக்காது. உணவுடன் நேரடியாகத் தொடும் பரப்புகளுக்கு இப்பூச்சு ஏற்றதன்று.